பெட்டிக்குள் போன நம்பர்

சவுரியம்மாளுக்கு பேங்க் என்றாலே ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எவனோ ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு விழுப்புரத்தில் ஒரு பேங்கில் கணக்குத் தொடங்கினாள். இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் ஏறியது. நாலு மாதம் கழித்து எடுக்கப் போனால் அறுநூற்றுச் சொச்சம்தான் இருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லாததால் பிடித்துவிட்டோம் என்றார்கள் கவுண்டரில். இல்லாதவளிடம், இல்லை என்பதற்காகவே பிடுங்குகிற இடம் இது ஒன்றுதான் என்று முடிவு கட்டி, மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு பேங்க் இருந்த தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்புறம் அவளுக்கு வேலை கிடைத்தது ஓட்டலில். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனம் போகும் வழியில், வெளியூர் பஸ்கள் பத்து நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம் நிறுத்துகிற ஓட்டல். பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நீளமான தொட்டி. அதில் பாத்திரம் கழுவுகிற நாலு பெண்களில் சவுரியம்மாள் ஒருத்தி. வேலைக்கு ஆள் வைத்ததும் கூலி கொடுத்ததும் ஓட்டல்காரர் இல்லை, நடுவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. சம்பளத்தைக் கையில் தரமாட்டோம், பேங்க் புத்தகத்தின் ஜெராக்ஸ் கொடுங்கள், இல்லாதவர்களுக்கு ஒரு கார்டு தருகிறோம், மாதாமாதம் அதில் பணம் ஏற்றிவிடுவோம் என்றான் சூப்பர்வைசர்.

"கார்டுல மினிமம் பேலன்ஸ்னு எதுனா புடிப்பாங்களா?"

"புடிக்க மாட்டாங்கம்மா. போட்டது போட்டபடி இருக்கும்."

"அப்போ எனக்கு அத்தியே குடு. பேங்கு சங்காத்தமே வாணாம்."

கூட வேலை செய்த அம்சவள்ளி பேங்க் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, இவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இவள் கண்டுகொள்ளவில்லை. நீல நிற கார்டு வந்தது. ஃபாரத்தில் போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. சவுரியம்மாளிடம் அப்போது போன் கிடையாது. வீட்டுக்காரர் மரியஅந்தோணியின் நம்பரை எழுதிக்கொடுத்தாள். ஆதாருக்கும் முன்பே அந்த நம்பர்தான் கொடுத்திருந்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு நம்பர்தான்.

மரியஅந்தோணி விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். குடிப்பான், அதை மறைப்பானேன். ஆனால் அந்தக் கார்டின் மேல் ஒரு நாளும் கண் வைத்ததில்லை. மாதம் பிறந்தால் அவன் போனில் மெசேஜ் வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பான். "சவுரி, உனக்கு எட்டாயிரத்து எறநூறு ஏறிச்சிடி. மொதலாளியம்மா, இன்னிக்கி கறி எடுக்கலாமா?" என்பான். பட்டன் போன். அதில் ஆயிரம் பாட்டு ஏற்றி வைத்திருந்தான். மூட்டை தூக்கும்போதும் சட்டைப் பையில் அது பாடிக்கொண்டே இருக்கும். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவாள் சவுரியம்மாள். அவளுடைய கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால், அது அந்த ஒன்றரை வருஷம்தான்.

சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை விக்கிரவாண்டி ஏடிஎம்மில் எடுத்துக்கொள்வாள். மாதம் ஆயிரத்துச் சொச்சம் கார்டிலேயே கிடக்கும். அது ஜெசிந்தாவுக்கு. ஒரே பெண். விழுப்புரத்தில் ஒரு தனியார் காலேஜில் நர்சிங் டிப்ளமோ சேர்த்திருந்தார்கள். முதலிரண்டு வருஷத்து ஃபீஸை அந்தோணி மூட்டை தூக்கியும் கடன் வாங்கியும் கட்டினான். கடைசி வருஷத்துப் பணத்தை, படிப்பு முடிந்து ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்கும்போது மொத்தமாகக் கட்டுகிறோம் என்று கையைக் காலைப் பிடித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பதாயிரம்தான் கார்டில் சேர்ந்துகொண்டிருந்தது.

போன வருஷம் பிப்ரவரியில், லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு இறங்கியவன், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன்தான்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குப் பிடித்ததைப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். மரியஅந்தோணியின் கையில் ஜெபமாலை சுற்றினார்கள். அவன் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு பீடிக் கட்டு வைத்தார். காலடியில் எவனோ ஒரு குவார்ட்டர் பாட்டிலைச் செருகினான், ஃபாதர் பார்த்தும் பார்க்காதமாதிரி செபப் புத்தகத்தைப் புரட்டினார். பெட்டியை மூடும் நேரத்தில் சவுரியம்மாள் உள்ளே ஓடிப்போய் அந்தப் போனை எடுத்துவந்தாள். சார்ஜ் முழுக்க ஏற்றியிருந்தது. அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாட்டு இல்லாம தூக்கம் வராதே உனுக்கு" என்று சொல்லி அழுதாள். பார்த்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. சாவு வீட்டில் சிம் கார்டை யார் நினைப்பார்கள்?

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெசிந்தாவின் போனை வாங்கி அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். அது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். அடிக்கடி போடுவாள். சில மாதங்களுக்குப் பிறகு, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் மாற்றிச் சொன்னது. அதைக் கேட்ட பிறகு போடுவதை விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் மே மாதம் பழைய காண்ட்ராக்ட் கம்பெனி போய் வேறொன்று வந்தது. புதியவன் சம்பளத்தைக் கையிலேயே கொடுத்தான். கார்டைத் தொட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கடைசியாக எடுத்த ஏடிஎம் சீட்டில் நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது என்று இருந்தது. சீட்டையும் கார்டையும் ஒரு துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். பிடிப்பதற்கு அது பேங்க் இல்லையே.

அக்டோபரில் ஜெசிந்தாவுக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருபத்திரண்டாயிரம் சம்பளம், தங்க இடம், சாப்பாடு. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்து இருப்பவரை எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை, சவுரியம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு மகளோடு காலேஜ் ஆபீஸுக்குப் போனாள். கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தபோது அவளுக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல? ஆபீஸ் அம்மா அதை மெஷினில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன மாசமே எக்ஸ்பயரி ஆயிடுச்சேம்மா."

"அப்பிடின்னா?"

"காலாவதி. இதோ போட்டிருக்கே, ஒன்பது பை இருபத்தஞ்சு."

மூன்று வருஷமாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள். கார்டு நம்பரில் அதுவும் ஒரு துண்டு என்று நினைத்திருந்தாள். பணத்துக்குத் தேதி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் முகம் செத்துப்போயிற்று. ஊசி மருந்து ஒவ்வொன்றையும் தேதி பார்த்துத்தான் உடைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் படித்த பெண் அவள். அம்மாவின் கார்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

கார்டின் பின்னால் இருந்த கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டார்கள். பணம் எங்கேயும் போகவில்லை, பத்திரமாக இருக்கிறது, வேறு கணக்குக்கு மாற்றிவிடலாம், பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் ஐந்து நிமிட வேலை என்றது ஒரு மரியாதையான குரல். அந்த மொபைல் புதைந்துபோய்விட்டது என்று ஜெசிந்தா சொன்னாள். அப்படியென்றால் விரல் ரேகை வைத்து நம்பரை மாற்றலாம் என்றது குரல். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சென்டரில் சவுரியம்மாள் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். சோப்புத்தூளும் கொதிக்கிற தண்ணீரும் மூன்று வருஷம் தேய்த்த விரல்கள். ஒன்றில்கூட ரேகை விழவில்லை. சென்டர்காரர் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு கையில ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

கடைசி வழி, தபாலில் விண்ணப்பம் போடுவது. தொண்ணூறு நாள் ஆகும். கையில் இருந்தது நாலு நாள். கடன் கேட்டுப் பார்க்காமல் இல்லை. அவளுக்குத் தெரிந்தவர்களில் நாற்பதாயிரம் கொடுக்கிற வக்கு யாருக்கும் இல்லை. வக்கு உள்ளவர்களுக்கு அவளைத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, என்ன தோன்றியதோ, ஜெசிந்தா அப்பாவின் நம்பரைப் போட்டாள். ரிங் போயிற்று. ஒலிபெருக்கியில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"ஹலோ, யாரு?"

ஆண் குரல். சவுரியம்மாளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஒன்றே முக்கால் வருஷம் கழித்து அந்த நம்பரிலிருந்து ஒரு ஆம்பளை பேசுகிறான். அது அவன் குரல் இல்லை என்று அறிவுக்குத் தெரிந்த பிறகும் போனைக் கிட்டே இழுத்துக் காதைக் கொடுத்தாள். பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனிக்காரன் வேறு ஆளுக்கு விற்றுவிடுவான் என்று ஜெசிந்தா விளக்கினாள். சரி, நல்லதாயிற்று, கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார் என்று சவுரியம்மாளே பேசினாள்.

"சார், இது எங்க வூட்டுக்காரரு நம்பருங்க. அவரு எறந்துட்டாரு. உங்க போனுக்கு இப்போ ஒரு ஓடிபி வரும், அத்த மட்டும் சொன்னீங்கன்னா புண்ணியமா போவும்."

அவள் சொல்லி முடித்தாள். பிறகு அந்த ஆள் வெடித்தான்.

"இன்னாம்மா, இப்போ பொம்பளைங்கள வெச்சி ஆரம்பிச்சிட்டீங்களா? போன்ல அழுதா குடுத்துடுவோமா? வைம்மா போன!"

ஓடிபி போய்க்கொண்டே இருந்தது. இவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். புதன்கிழமையும் கூப்பிட்டார்கள். இனிமேல் கூப்பிட்டால் புகார் கொடுத்துவிடுவேன் என்றான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ரிங் போவதற்கு முன்னால், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அரசாங்கத்து அறிவிப்பு ஒன்று தவறாமல் ஓடியது. அதைக் கேட்கக் கேட்க சவுரியம்மாளுக்கு, ஊர் உலகமே தன் ஒருத்திக்கு எதிராகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அன்றைக்கு இரவு அந்த நம்பரின் வாட்ஸ்அப் படத்தை ஜெசிந்தா பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு கடை வாசலில் ஒருவர் நிற்கிறார். மேலே போர்டு. 'இனியவன் எலக்ட்ரிக்கல்ஸ், மோட்டார் காயில் கட்டப்படும், செஞ்சி ரோடு, திண்டிவனம்.'

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். கையில் இறப்புச் சான்றிதழ், ஆதார், ஏடிஎம் சீட்டு. டோல்கேட்டில் பஸ் நின்றபோது, சவுரியம்மாள் தான் வேலை செய்யும் ஓட்டல் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. நாலு நாளாக லீவு போட்டிருந்தாள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாற்பது வயதிருக்கும் ஒருவர் தரையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சவுரியம்மாள் தன் பெயரைச் சொன்னதும் கம்பியைக் கீழே போட்டார்.

"போன்ல பேசினது நீங்கதானா? கடைக்கே வந்துட்டீங்களா?"

"கோச்சிக்காதீங்க தம்பி. ஒரே ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசமும் இல்ல. போன வருசம் இப்பிடித்தான். பேங்க்ல இருந்து பேசுறேன்னான், ஓடிபி சொன்னேன். அறுவத்திமூணாயிரம் போச்சி. எங்கப்பா ஆப்பரேசனுக்கு வெச்ச காசு." கீழே போட்ட கம்பியை எடுத்து மறுபடி போட்டார். "ஆப்பரேசன் நடக்கலம்மா. அதுக்கப்புறம் அவரும் இல்ல. அதான் நம்பரையே மாத்திக்கினு இந்த நம்பர வாங்கினேன். இதுலயும் நீங்க வந்துட்டீங்க."

சவுரியம்மாள் இறப்புச் சான்றிதழை நீட்டினாள். இதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று அவர் வாங்கவே இல்லை. அப்போதுதான் ஜெசிந்தா தன் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் காட்டினாள். பெட்டியில் மரியஅந்தோணி. கையில் ஜெபமாலை. நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் போன், அதன் மேல் சவுரியம்மாளின் கை.

"அந்தப் போன்ல இருந்த நம்பருதாண்ணா உங்ககிட்ட இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றார்.

ஜெசிந்தா கம்பெனியின் ஆப்பைத் திறந்தாள். இனியவனின் போன் சிணுங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார். எட்டு. இரண்டு. இரண்டு. ஐந்து. சைபர். ஒன்பது. சவுரியம்மாள் மனதுக்குள் மாதாவைக் கும்பிட்டாள். அந்தோணியே வாசிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. மாதம் பிறந்தால் அவனும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் படிப்பான்.

ஜெசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா ஜெசி, வந்துடுச்சா?"

"புகார் வந்திருக்காம்மா. கார்ட முடக்கி வெச்சிருக்காங்களாம். விசாரணை முடியறவரைக்கும் பணத்த எடுக்க முடியாதுன்னு போட்டிருக்கு."

"யாருடி புகார் குடுத்தது?"

இனியவன் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா," என்றார். "நேத்து. அந்த மெசேஜ்ல கம்பெனி நம்பரு இருந்துச்சி. இந்த கார்டு என்னுது இல்ல, எவனோ என் நம்பரப் போட்டு ஃபிராடு பண்றான், ஒடனே நிறுத்துங்கன்னு சொன்னேன். ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க சார்னு சொன்னாங்கம்மா."

அங்கேயே உட்கார்ந்து அவர் கம்பெனிக்கு மூன்று தடவை பேசினார். கத்தினார், கெஞ்சினார். சம்பந்தப்பட்ட பெண் என் கண் முன்னால் இருக்கிறாள், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். கொடுத்த புகாரை வாய்வார்த்தையில் திரும்ப வாங்க முடியாது, விசாரணைக்குத் தொண்ணூறு வேலை நாள் என்றது அதே மரியாதையான குரல். காலேஜ் ஆபீஸுக்கும் அவரே பேசினார். பணம் கட்டினால் சர்டிபிகேட் என்றார்கள் அவர்கள். பிறகு கல்லாவைத் திறந்து, இருந்த மூவாயிரத்து நானூறையும் எடுத்து நீட்டினார். சவுரியம்மாள் அதை அவர் கையிலேயே மடக்கி வைத்தாள். கிளம்பும்போது அவர் அவளுடைய போன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

திட்டலாம் என்று பார்த்தாள். திட்டுவதற்கு அந்த ஆளிடம் ஒன்றும் இல்லை. அவரிடமிருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வரும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜெசிந்தா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். "நான் ஒரு தடவ அந்தத் தேதியப் பாத்திருந்தா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சவுரியம்மாள் அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் அந்தப் போனை வைக்காமல் இருந்திருந்தால் என்று தன் பங்குக்கு அவள் சொல்லவில்லை, நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சென்னையிலிருந்து, அடுத்த பெண்ணை எடுத்துவிட்டதாக ஒரு வரி வந்தது. சர்டிபிகேட் இல்லாமல் வேறு எந்த ஆஸ்பத்திரிக் கதவையும் தட்ட முடியாது. வாங்கின கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். சனிக்கிழமை சவுரியம்மாள் வேலைக்குக் கிளம்பியபோது ஜெசிந்தாவும் கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவள் சொல்லவில்லை. ஓட்டலில் ஆள் வருகையைப் பதிவதற்கு ஒரு ரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். சவுரியம்மாளுக்கு அதில் விழாது, நோட்டில் கையெழுத்துத்தான். ஜெசிந்தா விரலை வைத்தாள். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது.

மறுநாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமை வேறு. ஓட்டலில் கூட்டம் தாங்காது என்று இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் லீவு கிடைத்தது. ஜெசிந்தா தொட்டிக்குப் போனாள். சவுரியம்மாள் சாமந்திப் பூவும் ஒரு பாக்கெட் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். புல்லைப் பிடுங்கி, மண்ணைக் கூட்டி, பூவை உதிர்த்தாள். சுற்றிலும் எல்லாரும் வத்தி ஏற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குச் செபம் வாயில் வரவில்லை. இரண்டாவது வத்தியைக் கொளுத்தும்போது இடுப்பில் போன் அடித்தது.

ஜெசிந்தா பழசாகிப்போன ஒரு போனை அம்மாவுக்குக் கொடுத்து, அதில் நம்பர்களைப் பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்தாள். அப்பாவின் பெயரை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. சவுரியம்மாள் திரையைப் பார்த்தாள். மரியஅந்தோணி என்று இருந்தது. காலடியில் அவன் கிடக்க, கையில் அவன் பெயர் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நொடி, பைத்தியக்காரத்தனமாக, அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த ஒரு நொடிதான். பிறகு பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

"அம்மா, இனியவன் பேசுறேன். எழுதியும் குடுத்துட்டேன். தொண்ணூறு நாளுதானாம், மாத்த முடியாதுன்றாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பா வேலை இன்னாம்மா ஆச்சி?"

"போயிருக்கா தம்பி. நேத்துலருந்து."

"சென்னைக்கா?" அவர் குரலில் உயிர் வந்தது.

"இல்லிங்க. எங்கூடத்தான். பாத்திரம் கழுவ."

அவர் போனை வைக்கவில்லை. சவுரியம்மாளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மண்மேட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"யோவ்," என்றாள் மண்ணைப் பார்த்து. "உன் பொண்ணு தொட்டியாண்ட நிக்கிறாய்யா."

அது தன்னிடம் சொன்னதில்லை என்று திண்டிவனத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பதில் சொல்லவில்லை.